பிணம் போகும் வழி

“இப்பல்லாம் சாதி எங்க சார் இருக்கு? காசு இருக்கறவன், காசு இல்லாதவன். இந்த ரெண்டு சாதிதான்.” மன்னை எக்ஸ்பிரஸில் எதிர் இருக்கைப் பெரியவர் இதைச் சொன்னபோது வண்டி நீடாமங்கலத்தைத் தாண்டியிருந்தது. நல்ல மனிதர். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லியில் பாதியை, வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் என் கையில் வைத்தவர். அவர் பேச்சில் வன்மம் எதுவும் இல்லை; மனதார நம்பித்தான் சொன்னார். அன்று மத்தியானம் நான் பார்த்துவிட்டு வந்ததை அவரிடம் சொல்லத் தொடங்கினேன். பாதியில் மேல் படுக்கைக்காரர் விளக்கை அணைக்கச் சொன்னார், பேச்சு நின்றுபோனது. அன்றிலிருந்து அவருக்குச் சொல்ல வேண்டிய மிச்சம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பணம்தான் இப்போது சாதி என்பதைக் கல்யாணப் பந்தியில், அலுவலகச் சாப்பாட்டு மேசையில், இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேச்சு வரும் இடத்திலெல்லாம் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் எல்லோரையும் சாதி வெறியர்கள் என்று தள்ளிவிட முடியாது. அதில் உண்மையும் இருக்கிறது. டெல்டா கிராமங்களில் தேநீர்க் கடைக்கு வெளியே தலித்துகளுக்கென்று கொட்டாங்குச்சி தொங்கியதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இன்று அதே கடைகளில் காகிதக் குவளை வந்துவிட்டது. பேருந்தில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. தனியார் மருத்துவமனையில் பணம் கட்டுகிறவனிடம் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. கொடுக்கல் வாங்கல் நடக்கிற இடத்திலெல்லாம் பணம் சாதியைக் கொஞ்சம் தள்ளி நிற்க வைத்திருக்கிறது. அந்த அளவுக்குப் பெரியவர் சொன்னது சரிதான். அது எந்த இடத்தோடு நின்றுபோகிறது என்பதை நண்பருடைய அப்பாவின் சாவில் கண்ணெதிரே பார்த்தேன்.

ரதம் நின்ற இடம்

நண்பரும் நானும் சென்னையில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். இப்போது அவர் வேறொரு பெரிய நிறுவனத்தில் மேலாளர். மன்னார்குடிக்குத் தெற்கே அவருடைய ஊர். ஊர் என்று நான் எழுதினாலும், அவர் பிறந்தது ஊரிலிருந்து ஒரு வாய்க்கால் தள்ளியிருக்கும் காலனித் தெருவில். அப்பா பண்ணை வேலை செய்தவர். நண்பர் அங்கே மாடி வீடு கட்டியிருக்கிறார். ஊர்த்தெருவையும் சேர்த்துப் பார்த்தாலும் அந்தக் கிராமத்தில் அதைவிட நல்ல வீடு ஒன்றிரண்டுதான் இருக்கும். அப்பா இறந்த சேதி வந்ததும் இரவோடு இரவாகக் காரில் போனார். நான் காலை பேருந்தில் போய்ச் சேர்ந்தேன்.

அடைமழைக் காலம். சம்பா நடவு முடிந்து பயிர் வேர் பிடித்திருந்த நேரம். வாசலில் பந்தல், ஐஸ் பெட்டி, தப்புச் சத்தம். திருவாரூரிலிருந்து சொர்க்கரதம் வரவழைத்திருந்தார்கள். நீர்மாலை எடுத்து, கோடி போட்டு, வாய்க்கரிசி போட்டு முடிந்ததும் அப்பாவை ரதத்தில் ஏற்றினார்கள். பூ ஜோடனையும் குடையும் வைத்த அந்த வண்டி, காலனித் தெருவைக் கடந்து, மதகு வரைக்கும் போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் தார்ச்சாலை இல்லை, மண்சாலை இல்லை, வண்டிப்பாதைகூட இல்லை. காலனிக்கான சுடுகாடு ஆற்றங்கரையில் இருக்கிறது. மதகிலிருந்து பார்த்தால் கொட்டகையின் தகரக் கூரை தெரியும். நடுவில் இருப்பது சில வயல்கள்தான்.

கோடையில் யாராவது இறந்தால் அறுத்த தாளின் மேலேயே தூக்கிக்கொண்டு போவார்களாம். நிலத்துக்காரரிடம் முன்கூட்டியே ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். கேட்டால் பெரும்பாலும் சரி என்றுவிடுவார்கள். பயிர் நிற்கிற மாதங்களில் வாய்க்காலில் இறங்கித்தான் போக வேண்டும். வரப்பு ஒற்றை ஆள் நடக்கும் அகலம். பாடை தூக்கி நால்வர் நடக்க முடியாது. நண்பருக்கு இது தெரியாததல்ல. அவருடைய தாத்தாவும் பெரியப்பாவும் அப்படிப் போனவர்கள்தான். ஆனால் தன் அப்பாவை வாய்க்காலில் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை. நாலு மா நிலத்தைக் குறுக்கே கடந்தால் அந்தப் பக்கம் ஆற்றுக்கரை மேடு வந்துவிடும். அந்த நிலத்துக்காரர் மதகுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். மேல்சட்டை இல்லை, தோளில் சாயம்போன துண்டு. எழவுக்கு வந்தவராகவே வந்திருந்தார். ஐஸ் பெட்டிக்கு மாலை போட்டதையும் பார்த்தேன். செத்துப்போனவர் அவருடைய நிலத்தில் அவருடைய அப்பா காலத்திலிருந்து ஏர் ஓட்டியவர்.

நண்பர் அவரிடம் போய்க் கைகூப்பினார். “ஐயா, பயிர் எவ்வளவு மிதிபட்டாலும் அதுக்கு என்ன ஆகுமோ சொல்லுங்க, இப்பவே குடுத்துர்றேன். ரெண்டு பங்கா வேணாலும் குடுத்துர்றேன். எங்கப்பாவ இப்படியே கொண்டுபோயிர்றோம்” என்றார். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: “பணத்துக்காவ சொல்லலப்பா. ஒங்கப்பன் எனக்கு வேண்டாதவனா? இன்னிக்கி ஒரு பொணம் போச்சின்னா நாளைக்கி இது வழின்னு எழுதிப்புடுவாங்க. நீ போயிருவ. நான் இங்க இருக்கணும்ல.”

நண்பர் இன்னொரு முறை கேட்டார். தொகையையும் சொன்னார். அந்தத் தொகைக்கு அந்த நிலத்தின் ஒரு போக விளைச்சல் முழுவதையுமே வாங்கிவிடலாம். பெரியவர் முடியாது என்று தலையை ஆட்டினார். பின்னால் ஊர்த்தெரு ஆட்கள் மூன்று நான்கு பேர் வந்து நின்றுகொண்டார்கள். ஒன்றும் பேசவில்லை, வெறுமனே நின்றார்கள். அதில் ஒருவர் என்னிடம் திரும்பி, “தம்பி மெட்ராசா? எந்த ஊரு நமக்கு?” என்று கேட்டார். நமக்கு என்று அவர் என்னைச் சேர்த்துக்கொண்டது எந்தக் கணக்கில் என்பது எனக்குப் புரிந்தது. காலனிப் பெரியவர்கள் நண்பரின் தோளைப் பிடித்து இழுத்தார்கள். பொணத்த வச்சிக்கிட்டு வம்பு வேணாம், வெயில் ஏறுது, எறக்குங்க என்றார்கள். ரதத்திலிருந்து இறக்கி, பச்சை மூங்கிலில் அவசரமாகக் கட்டிய பாடையில் மாற்றி, வாய்க்காலில் இறங்கினார்கள். இடுப்பளவுத் தண்ணீர். அந்தக் கூட்டத்திலேயே அதிகம் சம்பாதிக்கிறவர் நண்பர்தான். கொள்ளிச்சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேட்டி தண்ணீரில் மிதக்க, முன்னால் நடந்தார். இருபுறமும் வரப்பு. வரப்புக்கு அப்பால் பசேலென்று பயிர்.

கேட்டுப் பெறுவதும் உரிமையாய் நடப்பதும்

அந்த நிலத்துக்காரர் கொடூரமானவர் இல்லை என்பதால்தான் அந்தக் காட்சி என்னை விடாமல் உறுத்துகிறது. கொடூரன் என்றால் கோபப்பட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இவர் உண்மையிலேயே அழுதார். நண்பரின் அப்பாவை வேண்டியவர் என்று அவர் சொன்னதும் பொய்யில்லை. பணத்தின் மேலும் ஆசைப்படவில்லை. அப்புறம் எதை அவர் விட்டுக்கொடுக்க மறுத்தார்?

சென்னைக்குத் திரும்பியபின் வழக்கறிஞராக இருக்கும் ஒரு தோழியிடம் இதைச் சொன்னேன். அவர் 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தைப் பற்றிச் சொன்னார். ஒருவருடைய நிலத்தின் வழியாக இருபது ஆண்டுகள் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு நடந்து வந்தால் அந்த வழி நடந்தவருக்கு உரிமையாகிவிடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்டு நடந்திருந்தால் எத்தனை தலைமுறை நடந்தாலும் அது உரிமை ஆகாது. அனுமதியின் பேரில் நடந்தது என்றே கணக்கு. இதைக் கேட்டதும் எனக்கு அந்தக் கிராமத்து வழக்கத்தின் முழு உருவமும் தெரிந்துவிட்டது. கோடையில் ஒவ்வொரு சாவுக்கும் ஆள் அனுப்பிக் கேட்க வேண்டும் என்பது வெறும் மரியாதைச் சடங்கு இல்லை. அந்தக் கேட்டல்தான் பாதையைப் பாதை ஆகவிடாமல் வைத்திருக்கிறது. நிலத்துக்காரருக்குச் சட்டப் பிரிவின் எண் தெரிந்திருக்காது. ஆனால் கேட்டால் கொடுக்கலாம், உரிமையாக எடுக்க விடக்கூடாது என்கிற அறிவு அவருக்கு அவர் அப்பாவிடமிருந்து வந்திருக்கிறது. நண்பர் பணம் கொடுக்கிறேன் என்றதும் பேச்சு தயவிலிருந்து விலைக்கு மாறியது. விலை பேசுகிறவன் சரிசமமாக நிற்கிறான். பெரியவருக்குப் பயம் வந்தது அந்த இடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அந்த மனிதருக்கு இருப்பது நாலு மா. ஏக்கர் கணக்கில் ஒன்றரைகூட இருக்காது. நண்பரின் ஒரு மாதச் சம்பளத்தை அவர் ஒரு வருடத்தில் பார்க்கமாட்டார். பிள்ளைகள் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். வர்க்கக் கணக்கில் பார்த்தால் அவர் ஏழை, நண்பர் வசதிக்காரர். ரயில் பெரியவரின் கணக்குப்படி நண்பர்தான் மேல்சாதியாக இருந்திருக்க வேண்டும். நம்முடைய சமூகத்தின் ஏற்றத்தாழ்வு படிப்படியாக அடுக்கப்பட்டது என்றும், ஒவ்வொரு படியில் இருப்பவனுக்கும் தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற திருப்தி கிடைப்பதால்தான் அது இவ்வளவு நாள் நிற்கிறது என்றும் அம்பேத்கர் திரும்பத் திரும்பச் சொன்னார். நிலம், படிப்பு, வேலை, வீடு எல்லாவற்றிலும் பின்தங்கிப்போன ஒருவரிடம் நண்பரிடம் இல்லாத ஒன்று மிச்சம் இருந்தது. மாட்டேன் என்று சொல்லும் அதிகாரம். அதை விற்பதற்கு அவர் தயாராக இல்லை.

வீட்டுக்கு வந்த பட்டா, வழிக்கு வரவில்லை

டெல்டாவின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பண்ணையாட்களுக்குத் தண்டனையாகச் சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்த மண் அது. கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் சேரி சேரியாக நடந்து சங்கம் கட்டித்தான் அது நின்றது. 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலியாகக் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டதன் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். 1971இல் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது. அதுவரை பண்ணையாரின் மனையில் குடிசை போட்டுக்கொண்டு, எதிர்த்துப் பேசினால் இரவோடு இரவாக வெளியேற்றப்படும் நிலையில் இருந்தவர்கள், தாங்கள் குடியிருந்த மனைக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். நண்பர் மாடி வீடு கட்டியிருக்கும் மனை அப்படி வந்ததுதான். அவர் தாத்தா பெயரில் இருந்த அந்தப் பழைய காகிதத்தை எனக்குக் காட்டியிருக்கிறார்.

ஆக, வாழ்வதற்கான இடத்துக்குப் பட்டா கிடைத்தது. செத்தவர் போவதற்கான வழிக்குக் கிடைக்கவில்லை. இதற்குக் காரணம் கிராமக் கணக்கிலேயே இருக்கிறது. சுடுகாடு பெரும்பாலும் ஆற்றங்கரைப் புறம்போக்கிலோ ஓடைக் கரையிலோ, யாருக்கும் வேண்டாத மூலையில் ஒதுக்கப்பட்டிருக்கும். கிராம நிலங்களின் விவரம் இருக்கும் அ-பதிவேட்டில் மயானம் என்று ஒரு புல எண்ணுக்கு (சர்வே நம்பருக்கு) எதிரே எழுதியிருக்கும். ஆனால் அந்தப் புல எண்ணுக்குப் போய்ச் சேர வழி எது என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. சுற்றியிருப்பதெல்லாம் பட்டா நிலம். நிலம் கைமாறும்போது புதிதாக வாங்கியவர் வேலி போடுவார். பழைய நிலத்துக்காரரின் தயவில் போய்க்கொண்டிருந்த வழி ஒரே நாளில் அடைபடும்.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் நடந்ததைப் பலரும் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து தலித் ஒருவருடைய உடலைப் பாடையோடு கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். ஆற்றுக்குப் போகும் வழியில் இருந்த நிலத்தில் விடமாட்டார்கள் என்பதால்தான் அப்படிச் செய்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அதற்கு முன், 2016 ஜனவரியில் மயிலாடுதுறைப் பக்கம் திருநாள்கொண்டச்சேரியில், வழுவூர் பொதுப்பாதை வழியாக ஒரு தலித் முதியவரின் உடலைக் கொண்டுபோகலாம் என்று உயர் நீதிமன்றமே உத்தரவிட்டிருந்தது. ஊரார் எதிர்த்தார்கள். பாதுகாப்புக் கொடுக்க வேண்டிய காவல்துறையே கடைசியில் உடலை எடுத்துக்கொண்டு வேறு வழியாகப் போய்ப் புதைத்தது. உத்தரவு கையில் இருந்தும் தெரு திறக்கவில்லை.

சட்டத்தில் குறை எதுவும் இல்லை. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஆறு, கிணறு, குளம், சாலை, வழி என்று வரிசையாக எழுதிச் செல்லும்போது இடுகாட்டையும் சுடுகாட்டையும் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, 2016 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது மயானத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் வன்கொடுமைகளின் பட்டியலில் ஏறியது. ஆனால் பட்டா வயலில் கால் வைக்காதே என்பவரைச் சாதியின் பேரால் தடுத்தவர் என்று நிரூபிப்பது எளிதில்லை. அவர் தன் பயிரைத்தான் காத்தார். அன்று மதகடியில் சாதியின் பெயரை யாரும் உச்சரிக்கவே இல்லை. யாரும் யாரையும் திட்டவும் இல்லை. எல்லாம் சொத்துரிமையின் மொழியில் மரியாதையாக நடந்து முடிந்தது. சாதி இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு அது தென்படாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். நிலம் யாரிடம் வந்து சேர்ந்தது, சுடுகாடு யாருக்கு எங்கே ஒதுக்கப்பட்டது என்பதையெல்லாம் சாதி எப்போதோ முடிவு செய்துவிட்டது. இன்றைக்கு வேலியைக் காப்பதற்குப் பட்டாவே போதும்.

அந்தக் காலத்து மனிதத்தன்மை

மனித மாண்பு குறைந்துவிட்டது, அந்தக் காலத்தில் ஊர் ஒற்றுமையாக இருந்தது, ஒருவருக்கு ஒருவர் உதவினார்கள் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பொங்கலுக்கு வேட்டி துண்டு கொடுத்தார்கள். பிள்ளைப்பேற்றுக்கு நெல் அளந்தார்கள். வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நண்பரின் அப்பாவே தன் ஆண்டையைப் பற்றிப் பேசும்போது நன்றியோடுதான் பேசுவார். ஆனால் அந்த ஈரம் முழுவதும், கேட்கிறவன் குனிந்து நிற்கும்வரை சுரந்தது. அவன் பிள்ளை படித்து, சம்பாதித்து, நிமிர்ந்து வந்து நின்றதும் வற்றிவிட்டது. கொடுக்கிறவர் மாறவில்லை. வாங்குகிறவர் நிற்கும் விதம் மாறிவிட்டது. இதைத்தான் மனிதத்தன்மை குறைந்துவிட்டது என்று இரண்டு பக்கமும் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இவனுக்குப் பணம் வந்ததும் பணிவு போய்விட்டது என்று அவர்கள். அவர்களுக்கு முன்னே இருந்த பாசம் இப்போது இல்லை என்று இவர்கள். தயவாகக் கிடைத்ததை உரிமையாக மாற்றும் வேலை மட்டும் நடக்கவே இல்லை.

நகரத்துக்கு வந்துவிட்டால் இது தீர்ந்துவிடும் என்று நான் நம்பிய காலம் உண்டு. சென்னையின் எரிவாயு மயானங்களில் யாரும் சாதி கேட்பதில்லை. வரிசையில் நின்றால் முறை வரும். எந்தத் தெருவில் பிறந்தவருடைய சாம்பலும் ஒரே மாதிரிச் சட்டியில்தான் வரும். இது பெரிய விஷயம், குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அதே நகரத்தில்தான் 2020 ஏப்ரலில், கொரோனாவுக்குச் சிகிச்சை பலனளிக்காமல் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் கூட்டம் கூடி ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தார்கள். இருட்டில் சக மருத்துவரே மண்ணை அள்ளிப் போட்டு மூடும்படி ஆனது. அங்கே காரணம் சாதி இல்லை, நோய் பயம். ஆனாலும் உயிரோடு இருந்தவரை நமக்குப் பயன்பட்ட ஒருவரை, செத்த மறுகணமே ஊருக்கு வெளியே தள்ள வேண்டிய பொருளாகப் பார்க்க நமக்கு எங்கே பழக்கம் வந்தது? தலைமுறை தலைமுறையாகச் சிலருடைய பிணத்தை அப்படித்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கம் ஒரு தெருவோடு நிற்காது.

செய்ய முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. 1990களின் கடைசியில் தமிழ்நாட்டில் தொடங்கிய சமத்துவபுரங்களில் நூறு வீடுகள். நாற்பது தலித்துகளுக்கு, இருபத்தைந்து பிற்படுத்தப்பட்டோருக்கு, இருபத்தைந்து மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, பத்து மற்றவர்களுக்கு. அங்கே சுடுகாடும் பொது என்பதுதான் திட்டம். அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதியே அதுதான். சேர்ந்து வாழச் சொல்வதைவிடச் சேர்ந்து எரியச் சொல்வது பெரிய துணிச்சல். ஒரே மயானத்தைப் பயன்படுத்தும் கிராமங்களுக்கு ஊக்கத்தொகை என்றும் அரசு பின்னர் அறிவித்தது. பழைய ஊர்களோ பெரும்பாலும் பழையபடியே இருக்கின்றன. புதிதாகக் கட்டும் நூறு வீட்டுக்குள் சமத்துவத்தை வைப்பது எளிது. ஏற்கெனவே வரப்பு போட்டுப் பிரித்து வைத்திருக்கும் நிலத்தில் ஒரு பாடை போகும் அகலத்துக்கு வழி கேட்பது கடினம்.

மனு

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நண்பர் சென்னைக்குத் திரும்பவில்லை. விடுப்பை நீட்டித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் கேட்டு வாங்கினார். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுத்தார். ஆதிதிராவிடர்களின் தேவைகளுக்காகத் தனியார் நிலத்தை எடுத்துக்கொள்ள 1978ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் உண்டு. வீட்டுமனைக்கும் மயானத்துக்கும் மயானப் பாதைக்கும் அதைப் பயன்படுத்தலாம். நிலத்துக்கு இழப்பீடும் உண்டு. நண்பர் கேட்டது அதைத்தான். மதகிலிருந்து ஆற்றுக்கரை வரை, ஒரு வண்டி போகும் அகலம்.

காலனியில் எல்லோருக்கும் இதில் உடன்பாடு இல்லை. அவருடைய சித்தப்பா, “நீ மனு குடுத்துட்டு மெட்ராஸ் போயிருவ, நாளைக்கி நடவுக்கு எங்கள யாரு கூப்புடுவா?” என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. வேலை கொடுக்கிற கையும் வழி மறிக்கிற கையும் அங்கே ஒன்றாக இருக்கும்போது, மாதச் சம்பளக்காரரின் தைரியத்தைக் கூலிக்காரரிடம் எதிர்பார்க்க முடியாது. நண்பரின் தங்கைகள் இருவர் மட்டும் தெருப் பெண்களிடம் வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் போட்டார்கள் என்று நண்பர் சொன்னார். காரணத்தையும் அவர் அம்மா சொல்லியிருக்கிறார். பெண்கள் மதகோடு நின்று திரும்பிவிடுவார்கள், சுடுகாட்டுக்குப் போவதில்லை. தண்ணீரில் இறங்கும்போது பாடை ஒருபக்கம் சாய்வதை அங்கே நின்று முழுவதும் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். அந்த அம்மாவுக்கும் வயதாகிவிட்டது. சென்னைக்கு வந்து இருங்கள் என்றால் வரமாட்டேன் என்கிறார். எனக்கு ஏதாவது ஆனால் உங்கப்பா பக்கத்தில்தான் என்னையும் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆகவே இது நண்பருக்கு முடிந்துபோன துக்கம் இல்லை, இனி வரப்போகிற ஒரு நாளைப் பற்றிய வேலை.

நில அளவர் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். நிலத்துக்காரருக்கு அறிவிப்பு போயிருக்கிறது. அவர் ஆட்சேபணை கொடுத்திருக்கிறார். தன் வாழ்வாதாரம் இந்த நிலம் மட்டும்தான் என்று எழுதியிருக்கிறார்; அது உண்மை. இழப்பீட்டுத் தொகையைக் கணக்கிடும்போது அதை மனதில் வைக்க வேண்டும் என்று நண்பரே தன் பதிலில் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆட்சேபணையின் இரண்டாவது பத்தியில், மேற்படி மயானத்துக்குச் செல்ல ஏற்கெனவே மாற்றுவழி பயன்பாட்டில் உள்ளது என்று குறிப்பிட்டு, ஒரு புல எண்ணைக் காட்டியிருக்கிறார். நண்பர் புலப்படத்தை விரித்து எனக்கு அந்த எண்ணைத் தொட்டுக் காட்டினார். அது வாய்க்கால்.

விசாரணை அடுத்த மாதம். அந்த வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் இருந்தது, பாடையை எத்தனை பேர் எப்படித் தூக்கிப் போனார்கள் என்று நேரில் பார்த்தவன் என்ற முறையில் நானும் ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கூப்பிட்டால் போய்ச் சொல்வேன்.